டைமிங்கை வெயிலில் சரிபாருங்கள்: சுங்கை சிப்புட் டியூனர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பட்டறை அண்ணன்மார்களுக்கும், லேப்டாப்பை வைத்து டியூன் செய்யும் தம்பிகளுக்கும் வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. ஜொகூரிலும் கேஎல்லிலும் வேலை செய்யும் நம் பையன்கள் காடியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருவார்கள். அதில் பாதிக்கு மேல் டர்போவோடு பிறந்த இன்ஜினாக இருக்காது. கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு) 10க்கு 1 உள்ள சாதாரண இன்ஜினில் பிறகு டர்போ மாட்டியதாக இருக்கும். அந்த இன்ஜின்களின் இக்னிஷன் டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விட வேண்டும் என்பது பற்றித்தான் சொல்ல வந்தேன்.

உடைந்த இன்ஜின்களைத் திறப்பது என் வேலை. என் மேசைக்கு வரும் பிஸ்டன்களில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவர் பெயர்ந்து போயிருக்கும். பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். சில புள்ளிகள் மின்னும். அவை பிஸ்டனிலிருந்து கழன்று வந்த அலுமினியம். நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்துத் தட்டுவது, பிஸ்டனைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினில், நல்ல பெட்ரோல் இருந்தால், டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னுக்குத் தள்ளும்போது ஓர் இடத்துக்கு மேல் பவர் ஏறாது. அங்கே நிறுத்திவிடலாம். பவரை அளக்கும் டைனோவே உங்களை நிறுத்தும். ஹை கம்ப்ரஷன், அதன் மேல் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்), டாங்கியில் ரோன்97 அளவுக்கு நாக்கிங்கைத் தாங்காத ரோன்95 பெட்ரோல் என்றால் கதை வேறு. அந்த இடம் வருவதற்கு முன்பே நாக்கிங் வந்துவிடும். அதுவரை ஒவ்வொரு டிகிரிக்கும் குதிரைத்திறன் கூடிக்கொண்டே போகும். ஆகவே டைனோ காட்டும் எண்ணை நம்பி டைமிங் வைக்காதீர்கள். அது நிறுத்தச் சொல்லாது.

ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி குறை என்ற பழைய கணக்கு தொடங்குவதற்கு மட்டும்தான் உதவும். சிலிண்டர் நன்றாக நிரம்புவது டோர்க் உச்சத்தில், அதாவது இன்ஜின் இழுவை அதிகமாக இருக்கும் ஆர்பிஎம்மில். நாக்கிங் அங்கேதான் அதிகம் மிரட்டும். டைமிங்கை அங்கே நன்றாகக் குறைத்து, மேலே ஆர்பிஎம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்காகப் பயந்துபோய் எல்லா இடத்திலும் அளவுக்கு மீறிக் குறைத்தாலும் ஆபத்துதான். எக்சாஸ்ட் சூடேறி மேனிஃபோல்ட் சிவக்கும், டர்போ வெடிப்பு விடும்.

அப்புறம் வெயில். டைனோவில் ஓர் ஓட்டம் சில விநாடிதான். பானெட் திறந்திருக்கும், பெரிய விசிறி முன்னால் ஓடும். அதே காடி தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், ஐந்து பேரும் பெட்டிகளுமாக, கோலகங்சாரிலிருந்து ஈப்போ போகும் வழியில் மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறுகிறது. லோரிகள் குறைந்த கியரில் முனகும் ஏற்றம் அது. பூஸ்ட் இறங்காது, டர்போ காற்றைக் குளிரவைக்கும் இண்டர்கூலரே கொதிக்கும். உள்ளே போகும் காற்று சூடேறினால் டைமிங் தானாகக் குறைய, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவில் ஒரு டேபிள் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. தயவுசெய்து அதை நிரப்புங்கள். டைனோவிலும் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு விடாமல் லோடு கொடுத்து இன்னொரு தடவை பாருங்கள்.

டைமிங்கில் கை வைக்கும் முன், பிளக் பொறி விடும்போது மின்னும் டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியில் அடியுங்கள். திரையில் 12 டிகிரி என்று காட்டினால் கிராங்க் புல்லியிலும் 12 இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வைக்கும் எந்த எண்ணும் உண்மையல்ல. நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சரைப் பிடுங்கிவிட்டு டியூன் செய்யும் பழக்கமும் போகட்டும். சென்சர் இல்லாத காடி என்றால், செம்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டித் தட்டையாக்கி பிளாக்கில் முடுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் மாட்டிக் காதில் வைத்துக் கேளுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை.

டியூன் செய்யும் அன்று பையன் ரோன்97 ஊற்றிக்கொண்டு வருவான். அடுத்த வாரத்திலிருந்து ரோன்95தான், சம்பளம் அப்படி. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ரோன்97க்குத் தனி மேப் (ஈசியுவில் ஏற்றும் டைமிங் அட்டவணை) கேட்டால் செய்து கொடுங்கள். ஆனால் காடி உங்கள் பட்டறை வாசலைத் தாண்டும்போது ரோன்95 மேப்தான் ஓட வேண்டும். எந்த பெட்ரோல், எவ்வளவு பூஸ்ட், டோர்க் உச்சத்தில் எத்தனை டிகிரி என்று ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டில் இன்ஜின் ரீபில்ட் செய்யும் உங்களில் ஒருவன்