ஞாயிறு சைக்கிள் + டப்பா சாப்பாடு

மக்களே வணக்கம்! ஞாயிறு, நவம்பர் 22, மதியம் 1 மணிக்கு உட்ரெக்ட் (நெதர்லாந்து) சென்ட்ரல் ஸ்டேஷன் சைக்கிள் பார்க்கிங் வாசல்ல கூடறோம், அங்கேர்ந்து சயின்ஸ் பார்க்ல இருக்கற வானவில் கலர் சைக்கிள் பாதைக்குப் போறோம். அந்தப் பாதை மட்டும் 570 மீட்டர்தான், மிதிச்சா ரெண்டு நிமிஷம், ஆனா நம்மாளுங்க போட்டோ எடுக்கவே அரை மணி நேரம் ஆகும்.

1. ஆளுக்கொரு டப்பா, வீகன் (பால், முட்டை, கறி எதுவும் கலக்காதது) மட்டும். நெய் வீகன் இல்லப்பா! போன தடவை பொடி சாதம் மூடி திறந்ததுமே மணந்துச்சு, நான் வெறும் அப்பளத்தோட வீட்டுக்குப் போனேன். தயிர் சாதம்னா சோயா தயிர்.
2. முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு. அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடும்.
3. தான் LGBTQ+னு வீட்டுல இன்னும் சொல்லாதவங்க நம்மள்ல இருக்காங்க, கேக்காம யார் மூஞ்சியையும் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க.
4. வர்றீங்களா, என்ன டப்பானு வியாழன் ராத்திரிக்குள்ள இங்கயே போடுங்க. ப்ளூ டிக் பதில் ஆகாது.