பிளஸ் ஒன் சேர்க்கையும் வேதியியல் ஆய்வகமும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. நலம், உன் நலம் அறிய ஆவல். சேர்க்கைப் பொறுப்போடு வேதியியல் ஆய்வகத்தையும் உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றாய். இரண்டும் ஒரே வேலைதானம்மா. ஆய்வகம் ஓடாத பள்ளியில் அறிவியல் குரூப் என்பது பெயர்ப்பலகையோடு சரி.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப் என்று பிரித்துவிடாதே. பிள்ளை எங்கே போகப்போகிறது என்று முதலில் கேள். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பொறியியல் கட்-ஆஃப் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதம், கணினி அறிவியல் எடுத்தவளுக்கு பி.எஸ்சி. நர்சிங் கதவு சாத்திவிடும். பெற்றோருக்கு இது பன்னிரண்டு முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. இரண்டு பக்கமும் வழி வேண்டுமென்றால் கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப். ஆனால் கணக்கில் தடுமாறுகிற பிள்ளையை அதில் தள்ளாதே, கணிதம் இல்லாத தூய அறிவியல் குரூப் போதும். மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கேட்க ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி இடையில் தனியாரில் ஓராண்டு படித்திருந்தாலும் கிடைக்காது. டி.சி.யைப் பார்க்கும்போதே அதையும் பார்த்துக்கொள்.

இனி ஆய்வகம். பாடத்தின் நூறு மதிப்பெண்ணில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த இருபதை எப்படியும் போட்டுவிடுவார்கள் என்று பிப்ரவரி வரை ஆய்வகத்தைப் பூட்டி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நீ ஜூலையிலேயே திற.

இருபது பேர் பேட்சுக்கு பெர்மாங்கனேட் தரம்பார்த்தலின் (டைட்ரேஷன், ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டுச் செறிவைக் கண்டறிவது) கணக்கு: 0.1 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) பெர்மாங்கனேட் 3 லிட்டர், அதற்கு 9.5 கிராம். முந்தைய நாளே கரைத்து, பழுப்பு பாட்டிலில் வைத்து, தெளிந்ததை மட்டும் எடு. வடிதாளில் வடித்தால் தாளே அதை ஒடுக்கிவிடும், கண்ணாடிப் பஞ்சு வேண்டும். ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் 0.1 நார்மலில் 2 லிட்டருக்கு 78.4 கிராம். இதை அன்று காலையில்தான் கரைக்க வேண்டும், கரைக்கும் நீரில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் இருக்கட்டும். இல்லையென்றால் மதியத்துக்குள் மஞ்சளடித்துவிடும், மதிய பேட்சுக்கு வேறு விடை வரும். 2 நார்மல் கந்தக அமிலத்துக்கு லிட்டருக்கு 55 மில்லி அடர் அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்று ஆய்வக உதவியாளருக்கும் ஒருமுறை சொல்லிவிடு.

கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாய்களை, அதாவது பியூரெட்டுகளைப் பார். ரப்பர் குழாயும் கிளிப்பும் உள்ளது பெர்மாங்கனேட்டுக்கு ஆகாது. ரப்பரை அது தின்னும், அளவும் தப்பும். கண்ணாடித் திருகு உள்ளவற்றுக்கு இப்போதே இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடு.

பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்க ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்கச் சொன்னால் பிள்ளைகள் ஃபெரஸ் கரைசலையும் சேர்த்துச் சூடாக்குவார்கள். காற்றுப்பட்டு அது ஃபெரிக்காக மாறிவிடும். ஆக்சாலிக்குக்கு 60 முதல் 70 டிகிரி போதும், கொதித்தால் அமிலமே சிதையும். பெர்மாங்கனேட்டின் முதல் சொட்டு விழுந்ததும் நிறம் உடனே போகாமல் நிற்கும், பிள்ளைகள் அதுதான் முடிவுநிலை என்று நிறுத்திவிடுவார்கள். குடுவையைச் சுழற்றிக் காத்திருக்கச் சொல். மாங்கனஸ் அயனி உண்டானதும் அதுவே வினையூக்கியாகி, அடுத்த சொட்டுகள் விழ விழ நிறம் மறையும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால்தான் முடிவு. குடுவையில் பழுப்புக் கலங்கல் வந்தால் கந்தக அமிலம் குறைவு, அல்லது வேகமாக விட்டிருக்கிறான். அதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்யச் சொல். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஏன் ஆகாது என்று வாய்மொழியில் கேட்பார்கள், குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிவிடும் என்பது விடை.

பெர்மாங்கனேட் அடர்நிறம், குழாயில் வளைந்து நிற்கும் திரவமட்டத்தின் அடிப்பகுதி, கீழ்ப்பிறை, தெரியாது. மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும். கரைசலை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டை, எடுக்கும் கரைசலாலேயே அலசலாம். கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால்தான் கழுவ வேண்டும். கரைசலால் கழுவினால் பிப்பெட்டில் அளந்த 20 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும்.

இருப்புப் பதிவேட்டில் பாட்டில் திறந்த தேதியையும் எழுதி வை. அம்மா புளிக்காய்ச்சல் அனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா