செயலாளர் ஆண்டறிக்கை: லேபிள் மாற்றியே ஓடிப்போன வருடம்

அனைவருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை நீளம் என்று புகார் வந்ததால், பொங்கல் விழாவையும் கோடைக்காலப் பழைய புத்தக விற்பனையையும் ஒரே வரியில் முடிக்கிறேன்: இரண்டும் நடந்தன, கணக்கு பொருளாளர் அக்காவிடம் இருக்கிறது. மற்றபடி மின்னசோட்டாவில் இருக்கும் நம் நூலகக் குழு வருடம் முழுக்கச் செய்தது ஒரே வேலைதான்: நம் தமிழ் அலமாரிப் புத்தகங்களில் மக்களைக் குறிக்க ஒட்டியிருந்த பழைய லேபிள்களை மாற்றியது. 'லேபிள் ஒட்ட இத்தனை மாசமா' என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கும் சேர்த்து அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்பு, அமெரிக்காவில் இந்தியர்கள் பற்றிப் பள்ளிக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்ய ஊர் நூலகக் கணினியில் 'இண்டியன்ஸ்' என்று தேடியிருக்கிறாள். வந்ததெல்லாம் இங்குள்ள பூர்வகுடிகளான ஒஜிப்வே, டகோட்டா மக்களைப் பற்றிய புத்தகங்கள். நம்மவர்கள் 'ஈஸ்ட் இண்டியன் அமெரிக்கன்ஸ்' என்ற தலைப்பில் வேறு மூலையில் கிடந்தார்கள். கொலம்பஸ் வழி தெரியாமல் இறங்கிய ஊரில் வைத்த பெயர் இன்னும் பட்டியலில் குடியிருக்கிறது, அதனால் இந்தியாவிலிருந்து வந்த நமக்குத் திசை சேர்த்துப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. குழந்தை சிரித்தது, நாங்களும் சிரித்தோம், அப்புறம்தான் உறைத்தது: நம்மைவிட அந்தப் பெயர் உறுத்துவது இந்த மண்ணின் மக்களுக்குத்தானே. மின்னசோட்டா என்பதே டகோட்டா மொழிச் சொல்.

ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று காட்டும் இந்தப் பொருள் தலைப்புகளை நம் ஊர் நூலகம் உண்டாக்கவில்லை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1898-இல் தொடங்கிய பட்டியல் அது, இன்று பல நாட்டு நூலகங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அங்கே ஒரு சொல் மாறினால் எல்லா இடத்திலும் மாற வழி உண்டு, ஆனால் மாறும் வேகம் இருக்கிறதே! மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் கொல்லப்பட்டார். 'நீக்ரோஸ்' என்ற தலைப்பு போனது 1970-களின் நடுவில்தான். 1921-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கறுப்பின மக்களின் பகுதியையே எரித்துக் கொன்று தீர்த்ததைப் பட்டியல் நெடுங்காலம் 'கலவரம்' என்றே சொன்னது. 'படுகொலை' என்று மாற 2021 ஆனது, சரியாக நூறு வருடம். கலவரம் என்ற சொல் யாருக்கு வசதி என்பது நம் ஆட்களுக்கு விளக்க வேண்டாம்.

இதற்காகக் கத்திக் கொண்டே இருந்தவர் ஒருவர் நம் மாநிலத்துக்காரர், ஹென்னபின் கவுண்டி நூலகத்தில் பட்டியல் பிரிவுக்குத் தலைமை வகித்த சான்ஃபோர்ட் பெர்மன். ஜாம்பியாவில் வேலை பார்த்தபோது, பட்டியலில் சாதாரணமாகக் கிடந்த 'காஃபிர்' என்ற தலைப்பு அங்குள்ளவர்களுக்கு வசைச்சொல் என்று தெரிந்துகொண்டவர், 1971-இல் இப்படிப்பட்ட தலைப்புகளை வரிசையாகப் பிடித்து ஒரு புத்தகமே போட்டார். அவருக்கும் முன்னால் வாஷிங்டனில் உள்ள ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்ட் அல்ல) நூலகராக இருந்த டோரதி போர்ட்டர். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூவி பகுப்பில் கறுப்பின எழுத்தாளர் கவிதை எழுதினாலும் காலனியாக்கத்துக்கான 325-இல் தள்ளினார்கள், அடிமைமுறைக்கு 326. அவர் அதை ஏற்காமல், கவிதையைக் கவிதையோடு வைத்தார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது இதுதான், யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

சரி, அடுத்தவர் பட்டியலைப் பேசிவிட்டு நம் தமிழ் அலமாரியைத் திறந்தால், நாமே ஒட்டிய லேபிளில் 'செவ்விந்தியர் கதைகள்', 'நீக்ரோ இலக்கியம்'. ஒட்டியது யார் என்று விசாரிக்க வேண்டாம், கையெழுத்து என்னுடையது. இன்னொரு தட்டில் 'அரிஜன முன்னேற்றம்' வேறு. லைப்ரரி ஆஃப் காங்கிரஸே 'தீண்டத்தகாதவர்' என்ற தலைப்பை விட்டு 'தலித்' என்று மாற்றிக்கொண்டுவிட்டது, நாம் இன்னும் அங்கேயே நிற்கிறோம்.

மார்ச் கூட்டத்தில் சண்டை. 'அப்படின்னா பழைய புத்தகத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா' என்றார் மூத்த உறுப்பினர் மாமா ஒருவர். இல்லை மாமா, புத்தகத்தின் பெயரிலும் உள்ளே இருப்பதிலும் கை வைக்கவில்லை, அது அந்தக் காலத்தின் சாட்சி. நாம் ஒட்டும் லேபிள் மட்டும் நம்முடையது. பழைய சொல்லைத் தேடி வருபவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால், நோட்டிலும் எக்செலிலும் 'செவ்விந்தியர்: பூர்வகுடி அமெரிக்கர் காண்க' என்று வைத்திருக்கிறோம். ஒஜிப்வே, டகோட்டா என்று இனம் தெரிந்த இடத்தில் அந்தப் பெயரையே போட்டோம். 'கறுப்பர்', 'கறுப்பின மக்கள்', 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' மூன்றில் எது என்பதற்கே இரண்டு கூட்டம் போயிற்று. எல்லா நாட்டவருக்கும் இரண்டாவது, அமெரிக்காவுக்கு மூன்றாவது என்று முடிவு.

முடியாதவை: தோட்ட வேலைக்கு நம்மவர்களைக் கொண்டுபோன தீவுகள், இலங்கை மலையகம், மலேசியா பற்றிய புத்தகங்களில் 'கூலி' என்று போட்ட லேபிள்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உறுப்பினர்களைக் கேட்காமல் நாங்கள் பெயர் வைப்பதாக இல்லை. ஊர் நூலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தோம். மேலிடத்தில் ஏற்கெனவே மாறிய சில தலைப்புகள்கூட இங்கே பழையபடியே தெரிவதற்குக் காரணம் மென்பொருளில் அந்தத் திருத்தங்களை இறக்காததுதானாம், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

லேபிள் ரோல் தீர்ந்துவிட்டது. புது ரோல் வாங்க அனுமதியும், நல்ல கையெழுத்துள்ள ஓர் ஆளும் வேண்டும். நான் அடுத்த வருடம் செயலாளராக நிற்கவில்லை.