மீட்டர்ல 230 காட்டுது, மோட்டார் ஏன் ஓடலைன்னு கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் விவசாயப் பக்கத்துல ஒரு வாசகர், மோட்டார்கிட்ட மீட்டர் வெச்சா 230 வோல்ட் முழுசா காட்டுது ஆனா மோட்டார் ஊங்னு கத்திட்டு நிக்குது, மோட்டாரைக் கெளப்பி விடுற கெப்பாசிட்டரை ரெண்டு தடவை மாத்தியாச்சு, அதனால மோட்டாரே மோசம்னு எழுதியிருந்தாருங்க. நான் கொழிஞ்சாம்பாறையில மோட்டார் வைண்டிங் வேலை பாக்குறேன். இந்த ஒரு விஷயத்துல நல்ல மோட்டாரைக் கழட்டித் தூக்கிட்டு வர்றவங்களைப் பாத்துப் பாத்து மனசு கேக்காம எழுதுறேன்.

அவர் அளந்தது மோட்டாருக்கு சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி. அப்ப வயர்ல கரண்ட்டே போகலீங்க. கரண்ட் இல்லைன்னா வயர் எவ்வளவு மெலிசா இருந்தாலும் அதுல ஒரு வோல்ட் கூட குறையாது, மீட்டர் 230தான் காட்டும். சொட்டுநீர் ஹோஸ் நுனியை விரலால அடைச்சா அழுத்தம் முழுசா தெரியுமில்ல, விரலை எடுத்தா தண்ணி பிசுபிசுன்னு வருமே, அதே கதைதான். தமிழ் மீடியத்துல மின்தடைன்னும் மலையாள மீடியத்துல பிரதிரோதம்னும் நம்ம பசங்க படிக்கிறது இதைத்தான், கரண்ட்டை தடையால பெருக்குனா வர்றதுதான் வயர்ல காணாமப் போற வோல்ட்டேஜ். ஓம்ங்கற ஜெர்மன்காரர் 1827லயே புத்தகமா போட்ட கணக்கு.

இங்க ஒரு தென்னந்தோப்புல மீட்டர் பெட்டியில இருந்து கெணறு 100 மீட்டருங்க. இழுத்திருந்தது 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர். போக வர 200 மீட்டர், தடை 2.3 ஓம் வருது. 1 எச்பி மோட்டார் ஓடுறப்ப 7 ஆம்பியர்னு வெச்சா 16 வோல்ட்தான் போகும், அது பரவால்ல. ஆனா ஸ்டார்ட் ஆகுறப்ப ஓடுறதைவிடப் பல மடங்கு இழுக்குமே, 25 ஆம்பியர் இழுத்தாலே 58 வோல்ட் வயர்லயே போயிடும். நான் மோட்டார்கிட்ட சுவிட்சுக்கு லைன் வர்ற டெர்மினல்ல மீட்டரை மாட்டி வெச்சுட்டு அந்த அண்ணனை சுவிட்ச் போடச் சொன்னேன், 228ல நின்ன முள்ளு சடார்னு 170க்கு இறங்குச்சு, அவரு என் மூஞ்சியையே பாத்தாரு. வோல்ட்டேஜ் முக்கால் ஆனா மோட்டாரோட சுத்துற பலம் பாதிக்குக் கிட்ட ஆயிடும், அப்புறம் எப்படிங்க பம்பு சுத்தும், நின்ன இடத்துலயே சூடேறி காயில்தான் கருகும். வயரை 4 ஸ்கொயர் எம்எம்மா மாத்துனோம், தடை 0.86 ஓமா குறைஞ்சுது, அதே பழைய மோட்டார் முதல் தட்டுலயே எடுத்துக்கிச்சு.

வயர் தடிமனா இருந்தும் இப்படின்னா ஜாயின்ட்டைப் பாக்கணும். முறுக்கி டேப் சுத்துன இடம் வெயில் மழையில களிம்பு பிடிச்சு ஒரு ஓம் ஆனாலே போதும், அங்க டேப் உருகி கரியா இருக்கும். டெஸ்டர் எரியுதேன்னு நம்பாதீங்க, அதுக்குள்ள தடை ரொம்ப அதிகமான ஒரு ரெசிஸ்டர் இருக்கு, துளியூண்டு கரண்ட்லயே எரிஞ்சுடும், லைன் லோடு தாங்குமான்னு அது சொல்லாது.

அந்த வாசகர் மோட்டாரைக் கழட்டுறதுக்கு முன்னாடி, வேலை தெரிஞ்ச ஒரு ஆளை வெச்சு, சுவிட்ச் போடுற அந்த நேரத்துல மோட்டார் டெர்மினல்ல எவ்வளவு காட்டுதுன்னு அளந்து, வயர் நீளமும் தடிமனும் சேத்து உங்களுக்கு எழுதச் சொல்லுங்க. நான் கணக்குப் போட்டு பதில் எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்