மழைக்கும் வெயிலுக்கும் ஒரே காற்று

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகன் மைவி கார் வாங்கியதில் எனக்கும் மகிழ்ச்சி. இங்கே மாலை நாலு மணியானால் மழை பிடித்துக்கொள்கிறது. தோட்டத்துச் செம்மண் பாதையெல்லாம் சேறு. மழைக்காலத்தில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடிப்பு கூடும் என்று யாரோ மகனிடம் சொன்னார்களாமே. தயவுசெய்து இறக்க விடாதே.

சாலையில் தேங்கிய நீரைப் பிதுக்கித் தள்ளினால்தான் ரப்பர் தரையைத் தொடும். தள்ளுகிற வலு காற்றழுத்தத்தில் இருக்கிறது. நாசா ஆய்வில் வந்த கணக்குப்படி, கோடுகள் தேய்ந்த டயரில் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. அளவு இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டரில் நீர்மேல் மிதக்கத் தொடங்கும். 24 இருந்தால் 82-லேயே மிதந்துவிடும். மிதந்தபின் ஸ்டீரிங்கும் கேட்காது, பிரேக்கும் பிடிக்காது.

வெயிலில் வெடித்துவிடும் என்று இறக்குவதும் தப்பு. காற்று குறைந்த டயரில்தான் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்ளிழைகள் விட்டுப்போகும். ஓடி வந்த டயர் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும். அது தெரிந்துதான் கார் செய்தவர்கள் குளிர்ந்த டயருக்கு எண் கொடுக்கிறார்கள்.

அந்த எண், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். முன்னும் பின்னும் வேறுபடலாம். ஆள் நிறைய ஏறினால் சில கார்களுக்குத் தனி எண்ணும் உண்டு. டயரிலேயே அச்சடித்திருப்பது உச்சவரம்பு, அதை வைத்து அடிக்கக்கூடாது.

அளப்பது காலையில், வெயில் விழுமுன், வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபிறகு. டயர் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல் ஏறும்; இதுவும் காற்றழுத்த அளவுதான். அதனால் வெயில் பட்ட பக்கம் எப்போதும் பொய் சொல்லும். பெட்ரோல் நிலையம் தூரமென்றால் சின்ன அளவுமானி ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். ஸ்டிக்கரில் 220 கிலோபாஸ்கல், அதாவது 32 பி.எஸ்.ஐ. என்று வை; வீட்டில் அளந்தால் 200. அப்படியென்றால் 20 குறைவு. நிலையம் போய்ச் சேரும்போது சூட்டில் 215 காட்டும். 220-இல் நிறுத்தாமல், குறைந்த 20-ஐயும் கூட்டி 235 வைக்க வேண்டும்.

ஓட்டை இல்லாத டயரும் மாதம் 1 பி.எஸ்.ஐ. போல இழக்கும். நாலில் ஒன்று மட்டும் வேகமாக இறங்கினால் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல். செம்பனை மட்டை முள் ஏறிய இடத்தில் குமிழி மெல்ல மெல்ல உப்பும். வால்வு வாயில் உப்பினால் உள்ளிருக்கும் ஊசியை இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். வால்வு மூடியைத் தொலைக்க வேண்டாம், சேறு புகுந்துவிடும்.

தீபாவளிக்கு வரும்போது சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கும் போகலாம் என்றாய். அங்கே குளிருக்காகக் காற்று ஏற்றத் தேவையில்லை. அங்குள்ள தானா ராத்தா ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரம். குளிரில் 12 கிலோபாஸ்கல் போல இறங்கும்; மேலே வெளிக்காற்று லேசாவதால் மானியில் 15 போல ஏறும். ஒன்றுக்கொன்று ஈடு. ஆள் நிறைய வருவதால் சுமைக்கான எண்ணை மட்டும் இங்கேயே அடித்துக்கொண்டு ஏறலாம்.

காரின் பின்பெட்டியில் இருக்கும் மாற்று டயரையும் பார்க்கச் சொல். ஒல்லி டயராக இருந்தால் அதற்கு வழக்கமாக 420 கிலோபாஸ்கல், டயரிலேயே போட்டிருக்கும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்