சாம்போ பயிற்சி குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் பருவத்திலிருந்து ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை மாலையில் சாம்போ பயிற்சி தொடங்கவிருப்பதைச் சுற்றறிக்கையில் பார்த்த பிறகு, உங்களில் பலர் நேரிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம்: இது எந்த நாட்டுக் கலை, இதில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள், பிள்ளைகள் அடிதடிக்குப் பழகிவிட மாட்டார்களா? இவற்றுக்கு விரிவாகப் பதில் சொல்வது என் கடமை.

சாம்போ ரஷ்ய நாட்டு மல்யுத்தக் கலை. 'ஆயுதமில்லாத் தற்காப்பு' என்று பொருள்படும் 'சமோசஷீத்தா பெஸ் ஒரூஷியா' என்னும் ரஷ்யத் தொடரின் சுருக்கமே இப்பெயர். 1920களிலும் 30களிலும் மாஸ்கோவில் இருவர் தனித்தனியே செய்த வேலையிலிருந்து இது உருவானது. விக்டர் ஸ்பிரிதோனவ் என்பவர் தினமோ விளையாட்டுக் கழகத்தில், காவல் பணியில் இருப்பவர்களுக்கு ஏற்ற தற்காப்பு முறை ஒன்றை வகுத்தார். மற்றவர் வசீலி ஒஷ்செப்கோவ். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கைதிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய சகாலின் தீவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த ஒஷ்செப்கோவ், ஜப்பானில் இருந்த ரஷ்யத் திருச்சபைப் பள்ளிக்குப் படிக்க அனுப்பப்பட்டார். டோக்கியோவில் கானோ ஜிகோரோ நிறுவிய கோடோகான் ஜூடோ பள்ளியில் 1911இல் சேர்ந்து, 1913இல் கறுப்புப் பட்டை பெற்றார். வெளிநாட்டவருக்கு அது எளிதில் கிடைக்காத காலம் அது. நாடு திரும்பி விளாதிவொஸ்தோக்கில் ஜூடோ கற்பித்தவர், பின்னாளில் மாஸ்கோ உடற்கல்வி நிறுவனத்தில் ஆசிரியரானார். ஜூடோவின் பிடிகளைத் தம் நாட்டு மாணவர்களுக்குப் பொருந்துமாறு மாற்றி, புதியவற்றைச் சேர்த்து, ஒரு தலைமுறைப் பயிற்சியாளர்களை உருவாக்கியவர் அவர். 1937 அக்டோபரில் ஜப்பானிய உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதான அவர், அம்மாதம் 10ஆம் நாள் புத்தீர்கா சிறையில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது 1957இல்தான்.

அவர் மறைந்து ஓராண்டு கழித்து, 1938 நவம்பர் 16 அன்று, இம்மல்யுத்தம் சோவியத் ஒன்றியத்தில் முறையான விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. அந்நாளே இன்றும் சாம்போ நாளாகக் கொண்டாடப்படுகிறது. அப்போது முன்னின்றவர் அவருடைய மாணவர் அனத்தோலி ஹர்லாம்பியெவ். ஜார்ஜியாவின் சிதாவோபா, உஸ்பெக்கியரின் குராஷ் போன்ற வட்டார மல்யுத்தங்களிலிருந்து எடுத்த பிடிகளால் இக்கலை மேலும் செழித்தது உண்மை. ஆனால் ஜூடோவிலிருந்து வந்த வேரும், அதைக் கொண்டுவந்த ஆசிரியரின் பெயரும் பல பத்தாண்டுகள் பேசப்படாமலே போயின. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் ஜூடோவில் சாம்போவில் ஊறிய சோவியத் வீரர்கள் 4 வெண்கலப் பதக்கங்கள் வென்றபோதும், இந்தக் கலையை அதே ஊரிலிருந்து ஒருவர் சுமந்து வந்தார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல ஆளில்லை. நம் பிள்ளைகள் முதல் பயிற்சி வகுப்பிலேயே ஒஷ்செப்கோவ் என்ற பெயரைக் கேட்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி, உங்கள் பிள்ளை என்ன கற்கும் என்பதற்கு வருகிறேன். முதலில் கற்பது விழுவதற்கு. முதல் சில வாரங்களில் யாரும் யாரையும் தூக்கி எறியப் போவதில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வில்லாக வளைத்து, மூச்சை வெளியே விட்டு, உடல் தரையைத் தொடும் அதே நொடியில் நீட்டிய கையால் விரிப்பை ஓங்கி அறைய வேண்டும். விழும் வேகம் கை முழுவதிலும் பரவிவிடுவதால் தலையும் முதுகெலும்பும் தப்புகின்றன. தடுமாறும்போது உள்ளங்கையை ஊன்றித் தாங்கப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள இயல்பு. மணிக்கட்டு முறிவதும் அதனால்தான். அந்த இயல்பை மாற்ற, உட்கார்ந்த நிலையிலிருந்தும், பிறகு குந்திய நிலையிலிருந்தும், அதன் பின்னரே நின்ற நிலையிலிருந்தும் நூற்றுக்கணக்கான முறை விழுந்து பழக வேண்டும். படிக்கட்டிலும் மிதிவண்டியிலும் இப்பழக்கம் கைகொடுக்கும் என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்தது எறிதல். தோளில் பிடித்துக்கொள்ள மடிப்புகள் தைத்த 'குர்த்கா' என்னும் சிவப்பு அல்லது நீலச் சட்டை, இடுப்புப் பட்டை, அரைக்கால் சட்டை, மென்மையான காலணி ஆகியவை சாம்போவின் உடை. சட்டையையோ பட்டையையோ பற்றி எதிராளியின் சமநிலையைக் குலைத்து, காலை இடறியோ, இடுப்பின் மேல் சுழற்றியோ, கால்களை வாரியோ வீழ்த்துவார்கள். எறிபவர் தாம் நிலைகுலையாமல் நின்றபடியே எதிராளியின் முதுகு தரையில் படும்படி வீழ்த்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அவரும் சேர்ந்து விழுந்தால் 4 புள்ளிகள் மட்டுமே. தூய்மையான எறிதலுக்கு இத்தனை மதிப்பு இருப்பதால், முரட்டு பலத்தைவிட நேரம் பார்த்துச் செய்வதே இங்கு பயன் தரும்.

தரையில் எதிராளியை 20 நொடி அமுக்கி வைத்தால் மேலும் 4 புள்ளிகள். கை, கால் மூட்டுகளைப் பூட்டும் பிடிகளும் உண்டு. பிடிபட்டவர் குரல் கொடுத்தாலோ இருமுறை தட்டினாலோ அக்கணமே விட்டுவிட வேண்டும். இம்மூட்டுப் பிடிகள் எவையும் முதலாண்டில் நம் பள்ளியில் கற்பிக்கப்படமாட்டா. விளையாட்டுச் சாம்போவில் குத்துவதற்கும் உதைப்பதற்கும் கழுத்தை நெரிப்பதற்கும் இடமே இல்லை. கலப்புத் தற்காப்புக் கலை வீரர் கபீப் நூர்மகமேதவின் பெயரைச் சொல்லி ஆவலோடு வந்த மாணவர்களுக்கும் இதைத்தான் விளக்கினேன்: அவர் உலகப் பட்டம் வென்றது போர்ச் சாம்போவில். தலைக்கவசமும் கையுறையும் அணிந்து ஆடும் அந்தப் பிரிவு வேறு. நம் வகுப்பில் அது இல்லை.

சேர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர், இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புமாறு வேண்டுகிறேன். பழைய எலும்பு முறிவு, ஆஸ்துமா, வலிப்பு, கண் அறுவை சிகிச்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். அதற்கேற்பப் பயிற்சியை அமைத்துக்கொள்வோம். பயிற்சி நாட்களில் நகங்கள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். தோடு, வளையல், சங்கிலி எதுவும் கூடாது. முதல் வகுப்பன்று பெற்றோரும் கூடத்தில் அமர்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்