அப்பாவின் பணிக்கோப்பைத் தேட உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானப்படையில் பணியாற்றிய அப்பாவின் பணிக்கோப்பின் நகல் நேற்று என் கைக்கு வந்து சேர்ந்தது. எதற்காக இதைத் தேடினேன், இடையில் எப்படியெல்லாம் சோர்ந்துபோனேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் அந்தக் கதையை மீண்டும் சொல்லப்போவதில்லை. மனம் நிறைந்திருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போர்க்கால விமானப்படையைப் பற்றி எழுத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1944 பிப்ரவரியில் அர்ஜன் சிங் தலைமையில் முதலாம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) ஹரிக்கேன் போர் விமானங்களுடன் இம்பாலுக்குச் சென்றதும், ஜப்பானியரால் சாலை துண்டிக்கப்பட்டு ஜூன் 22 வரை அங்கிருந்த படைகள் வான்வழி வந்த பொருள்களையே நம்பியிருந்ததும், அந்த முற்றுகைக்குள்ளிருந்தே நம்மவர்கள் வேவு பார்க்கப் பறந்ததும் பதிவாகியுள்ளன. ஆனால் ஸ்குவாட்ரன் பதிவேடுகளில் விமானியின் பெயர், விமான எண், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் ஆகியவை இருக்குமே தவிர, அந்த எஞ்சினை மறுநாள் காலைக்குள் சரிசெய்து கொடுத்த ஃபிட்டரின், அதாவது எஞ்சின் பணியாளரின், பெயர் பெரும்பாலும் இருக்காது. அப்பா அந்த ஸ்குவாட்ரனில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய பணி எண்ணும் எங்களிடம் இல்லை. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அதே பெயரில் வேறு பலரும் வந்து நின்றார்கள்.

இந்த நிலையில்தான், அதே ஸ்குவாட்ரனில் பறந்த ஒரு விமானியின் மகளுக்கு எழுதினேன். அவருடைய தந்தை தம் பறப்புகளைக் குறித்துவைத்த லாக்புக்கில் என் அப்பாவின் பெயர் எங்கேனும் வருகிறதா என்பது மட்டுமே என் கேள்வி. 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவரோ, லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துப் பெயர் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின், நான் கேளாமலேயே பழைய ஆல்பத்தை எடுத்து, ஒரு ஹரிக்கேனின் முன்னால் தரைப்பணியாளர்கள் வரிசையாக நிற்கும் படத்தை அதன் மூலைகள் கிழியாமல் பிரித்தெடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பின்புறம் பென்சிலில் பெயர்கள் இருந்தன. பார்வை மங்கிய வயதில், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக அத்தனை பெயர்களையும் தம் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்பினார். அழிந்துபோன இடங்களில் ஊகித்து எதையும் நிரப்பவில்லை. கோடு போட்டுக் கேள்விக்குறி இட்டிருந்தார். அந்த நேர்மையினால்தான் மற்றப் பெயர்களை என்னால் முழுமையாக நம்ப முடிந்தது.

மூன்றாவதாக அப்பாவின் பெயர். பக்கத்தில் மூன்று இலக்கங்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் பணி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைச் சேர்த்துச் சொல்வது படையில் வழக்கம் என்பதை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் விளக்கிய பிறகுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. அந்த இலக்கங்களைக் கொண்டே அத்தனை பேரிலிருந்து அப்பாவின் கோப்பைப் பிரித்தெடுக்க முடிந்தது. அவருக்கு அடுத்து நிற்பவர், நாங்கள் சிறுவயதில் பட்டப்பெயரால் மட்டுமே கேள்விப்பட்டிருந்த அவருடைய நண்பர். அவர் மகனோடு சென்ற வாரம் தொலைபேசியில் பேசினேன். எங்கள் வீட்டில் அவர் தந்தையைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளும், அவர் வீட்டில் என் தந்தையைப் பற்றிச் சொல்லப்பட்டவையும் பல இடங்களில் பொருந்தின. யார் யாருக்குக் கடன் தர வேண்டியிருந்தது என்பதில் மட்டும் இரு வீட்டாருக்கும் உடன்பாடில்லை!

லண்டன் க்யூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையிலுள்ள ஸ்குவாட்ரன் பதிவேடுகளைத் தம் விடுமுறையில் புரட்டிப் பார்த்தவர், சுருக்கெழுத்துகளை விளக்கிய மேற்படி அதிகாரி, விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித்தந்தவர்கள், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் 'தேடினோம்' என்று மறவாமல் பதில் எழுதியவர்கள் ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அந்தப் படத்தையும் பெயர்ப் பட்டியலையும் என்னோடு வைத்துக்கொள்வதாக இல்லை. அந்த விமானியின் மகளுடைய இசைவோடு, தரைப்பணியாளர்களின் பிள்ளைகள் யார் கேட்டாலும் இரண்டின் நகலையும் அனுப்பிவைப்பேன். கேள்விக்குறியிட்ட இடங்கள் இன்னும் அப்படியே உள்ளன. முதலாம் ஸ்குவாட்ரனில் ஃபிட்டராகவோ, விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ரிக்கராகவோ பணியாற்றியவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவருடைய இளவயதுப் படம் ஒன்றுடன் எனக்கு எழுதுங்கள். வரிசையில் நிற்கும் முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு ஃபிட்டரின் மகன்